மூலையில் நிற்கும் பிரிண்டர்

திங்கள்

பேசின் பிரிட்ஜில் ஒரு கிளியரிங் அலுவலகம். ரான்சம்வேர் புகுந்து ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. சிஸ்டங்களை ஃபார்மேட் செய்து விண்டோஸ் புதிதாகப் போட்டாகிவிட்டது. மூலையில் நிற்கும் பெரிய பிரிண்டரை மட்டும் யாரும் தொடவில்லை. "அதுக்கெல்லாமா வைரஸ் வரும்ணா?" என்றான் டெலிவரி ஆர்டர் பார்க்கும் தம்பி.

அதற்குள் பிராசசர், மெமரி, ஹார்டு டிஸ்க் எல்லாம் இருக்கின்றன. பிரவுசரில் ஐபி எண்ணை அடித்தேன். கம்பெனி போட்டு அனுப்பிய அதே பாஸ்வேர்டு. செட்டிங்ஸ் மொத்தமும் திறந்துகொண்டது.

செவ்வாய்

இன்றைக்குப் பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. ஸ்கேன் செய்வது சர்வர் ஃபோல்டரில் போய் விழ வேண்டும் என்பதற்காக, சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டையே பிரிண்டரில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பழைய மிஷின் என்பதால், ஃபோல்டர் பகிரும் பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐயும் சர்வரில் அணைக்கவில்லை.

2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்திருந்தது. ஜூனில் வந்த நாட்பெட்யா அதே ஓட்டையோடு, சிஸ்டங்களில் கிடைத்த பாஸ்வேர்டுகளையும் திருடிக்கொண்டு பரவியது. அதில் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் கன்டெய்னர் முனையம் முடங்கியது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் வடசென்னைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கன்டெய்னர் ஒரு நாள் நின்றாலும் டிரெய்லர் டிரைவருக்கும் லோடுமேனுக்கும்தான் முதல் அடி.

புதன்

பிரிண்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் எஸ்எம்பி 2 வந்தது. உடனே சர்வரில் எஸ்எம்பி 1-ஐ அணைத்தேன். ஸ்கேனுக்குத் தனிக் கணக்கு. ஒரே ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும் அனுமதி. டெல்நெட், எஃப்டிபி நிறுத்தம். பிரிண்டரை விலேன் எனப்படும் தனி நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றி, அச்சு வேலைகள் வரும் 9100 போர்ட்டை பிரிண்ட் சர்வருக்கு மட்டும் திறந்துவிட்டேன். பிரிண்ட் எடுக்காத சர்வர்களில் ஸ்பூலர் சர்வீஸுக்கும் ஓய்வு. 2021-இல் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியே வந்தபின் அதை ஓடவிட்டு வைப்பதில் நியாயமே இல்லை.

முதலாளியிடம் பங்களாதேஷ் மத்திய வங்கிக் கதையைச் சொன்னேன். 2016 பிப்ரவரியில் அங்கே வங்கிகளுக்கு இடையிலான ஸ்விஃப்ட் பரிமாற்றங்களை அச்சிடும் பிரிண்டர் நின்றுபோனது. பிரிண்டர் வழக்கம்போல மக்கர் பண்ணுகிறது என்று முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது ஹேக்கர்களின் வேலை. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. "இனிமே பிரிண்டர் நின்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க சார்" என்றேன். தலையாட்டினார்.

வெள்ளி

மாடியில் இன்னொரு மிஷின், வாடகைக்கு எடுத்தது. திருப்பி எடுத்துப்போக வண்டி வந்துவிட்டது. இறக்குமதியாளர்களின் பான், ஆதார், வங்கிக் கடிதம் என்று இங்கே ஸ்கேன் ஆனதெல்லாம் அதன் டிஸ்க்கில் கிடக்கலாம். மெனுவில் டிஸ்க்கை மேலெழுதி அழிக்கும் வசதி இருந்தது, ஓடவிட்டேன். வண்டிக்காரர் அவசரப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். அழித்து முடிந்தது என்ற அறிக்கை அச்சாகி வந்ததும் முதலாளியிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, மிஷினை இறக்கச் சொன்னேன்.