மரம் நோகாமல்

திற்பரப்பு அருவியில் நீராடப் போகிறீர்களா, நேயர்களே? அப்படியானால் ஒரு நாள் விடியுமுன் எழுந்து, பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றையும் எட்டிப் பாருங்கள். இருட்டில் மரத்துக்கு மரம் ஒரு சிறு வெளிச்சம் நகரும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள்தாம் அவர்கள்!

அந்த நேரத்தில் ஏன்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமே!

ஏழாண்டு போல வளர்த்து, மரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பருத்த பிறகே கத்தி படலாம். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்த்து, பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். பால் குழல்கள் நிறைந்திருப்பது பட்டையின் உட்புறத்தில். ஆழம் போதாவிட்டால் சிரட்டை நிறையாது. மிஞ்சினாலோ கட்டையில் காயம்! கடைசி ஒரு மில்லிமீட்டரைத் தொடாமல் கை நிற்க வேண்டும். ரப்பர் வாரியம் இதற்கென்றே பயிற்சி அளிக்கிறது.

தோட்டத்தில் ஒரு அம்மாள், முண்டு முண்டாய்ப் புடைத்திருந்த மரத்தைத் தடவிக் காட்டினார்.

"பாரு மக்களே, வேலை படிச்ச காலத்திலே நான் போட்ட காயம். பட்டை திரும்ப வளந்துது. ஆனா சமமா வளரல்ல. இதிலே இனி கத்தி ஓடாது."

நல்ல கை வெட்டினால் பட்டை வழவழவென்று மீண்டும் வளரும். சில ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். இன்றைய அவசரம் நாளைய பாலைப் பறித்துவிடும்.

அடுத்த முறை குழந்தைக்குப் பலூன் ஊதும்போது அந்த ஒரு மில்லிமீட்டரைச் சற்றே நினைத்துக் கொள்ளுங்கள்!