என்ரை சிவிக்கும் ஒரு பொய்ச்சாட்சியும்

2025 பெப்ரவரியிலை ஒரு நாள் இரவு, வேலை முடிஞ்சு ஸ்ரீல்ஸ் வீதியாலை வந்துகொண்டிருக்கேக்கை அந்த மஞ்சள் லைற் பத்தினது. செக் இஞ்சின். பழைய கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு அதைக் கண்டா வயித்துக்குள்ளை என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை :-(

என்னட்டை இருக்கிறது 2000 ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக். எனக்கும் அதுக்கும் வயசிலை பெரிய வித்தியாசமில்லை, அதுக்கு முதுமை முந்தி வந்திட்டுது, அவ்வளவுதான். மார்க்கத்திலை கார் இல்லாமல் இருக்கேலாதோ எண்டு ஊரிலை இருந்து கேக்கினம். பகலிலை ஏலும், பஸ் இருக்கு. நான் வேலை முடிஞ்சு வெளியிலை வாறது விடியப்புறம் ரெண்டரைக்கு. மைனஸ் பதினெட்டிலை அந்த நேரம் றோட்டிலை நிண்டு பாத்தவைக்கு விளங்கும்.

ஏற்கெனவே ரெண்டு கிழமையாக் கார் பெற்றோல் குடிக்கிற விதம் சரியில்லை. முந்தி ஒருக்கா நிரப்பினா ஒன்பது நாள் ஓடும், அப்ப ஆறு நாள்தான். அடுத்த நாள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனன் (பேர் வேண்டாம்). மெசினைச் செருகிப் பாத்துப்போட்டு, "பி 0171. ஒக்சிசன் சென்சர் போட்டுது. கற்றலிற்றிக் கொன்வேற்றரும் போயிருக்கும். ரெண்டும் மாத்த 1400 டொலர்" எண்டார். பாத்தது ஐஞ்சு நிமிசம். அதிலை முக்கால்வாசிக் காசு அந்தப் "போயிருக்கும்" எண்ட ஒரு சொல்லுக்கு!

வெளிநாட்டு மாணவர் படிப்பு நடக்கிற காலத்திலை, வளாகத்துக்கு வெளியிலை கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் எண்டது 2024 நவம்பரிலை வந்த விதி. அந்த நேரம் ஒன்ராறியோவிலை ஆகக்குறைஞ்ச சம்பளம் மணிக்கு 17.20 டொலர். பெருக்கினாக் கிழமைக்கு 412.80, வரி கழிக்க முன்னம். 1400 எண்டா கிட்டத்தட்ட மூண்டரைக் கிழமை. காரே 2300க்கு வாங்கினது, அதுவும் அம்மா சங்கிலியை அடைவு வச்சு அனுப்பின காசிலை மிச்சம் பிடிச்சு. அந்தச் சங்கிலி இன்னும் மீளேல்லை. கராஜ்காரரிட்டை "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டிட்டு வந்திட்டன்.

நான் இருக்கிறது பேஸ்மென்றிலை. மேலை இருக்கிற வீட்டுக்கார அங்கிள் ஊரிலை கோண்டாவில் பஸ் டிப்போவிலை மெக்கானிக்கா இருந்தவர். விசயத்தைச் சொன்னன். அவர் இஞ்சின் பக்கமே போகேல்லை. நேரே பின்னாலை போய், சைலென்சர் வாய்க்குள்ளை விரலை விட்டு எடுத்தார். விரல் அட்டைக் கரி.

"தம்பி, உன்ரை கொம்பியூட்டர் என்ன சொல்லுது?"

"கலவை லீனாம் அங்கிள். காத்துக் கூட, பெற்றோல் குறைவாம்."

"இது பட்டினி கிடக்கிற இஞ்சின் இல்லை. வயிறு முட்டத் திண்ட இஞ்சின்."

எனக்கு மண்டையிலை உறைச்சது அப்பதான். பி 0171 எண்டா சென்சர் பழுது எண்டு அர்த்தமில்லை. சென்சர் குடுத்த சாட்சியை வச்சுக் கொம்பியூட்டர் எழுதின தீர்ப்பு அது.

இந்தச் சென்சர் ஸ்பார்க் பிளக் அளவான சாமான். புகைக்குழாய்க்குள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்குள்ளை சிர்க்கோனியா, ஒரு பக்கம் புகை, மற்றப் பக்கம் வெளிக்காத்து. 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினாப் பிறகு ரெண்டு பக்கத்து ஒக்சிசன் வித்தியாசத்தையும் வோல்ற்றேஜாக் காட்டும். லீன் எண்டா 0.1 வோல்ற் அளவு, பெற்றோல் கூட எண்டா 0.9 அளவு. நல்ல சென்சர் இதுக்கு இடையிலை ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். அதைப் பாத்துத்தான் கொம்பியூட்டர் 14.7 கிலோ காத்துக்கு ஒரு கிலோ பெற்றோல் எண்ட கணக்கைப் பிடிச்சுவைக்கும். பொஷ் கொம்பனி 1976 இலை செய்யத் தொடங்கினது, முதல் பூட்டினது வொல்வோவிலை, கலிபோர்னியாவின்ரை புகைச் சட்டத்துக்காக.

எங்களுக்கு மூண்டு சந்தேக நபர். ஒண்டு, இஞ்சினுக்குள்ளை எங்கையாவது களவாக் காத்துப் போகுது. ரெண்டு, சென்சருக்கு முன்னாலை புகைக்குழாய் வெடிச்சு வெளிக்காத்தை உறிஞ்சுது (இஞ்ச றோட்டுக்குப் போடுற உப்புக்கு இரும்பு கரையிறது பெரிய விசயமில்லை). மூண்டாவது சென்சர்.

25 டொலருக்கு ஒரு புளூரூத் றீடர் வாங்கிப் போனிலை பாத்தன். கொம்பியூட்டர் 22 வீதம் பெற்றோலைக் கூட்டி ஊத்திக்கொண்டிருக்கு. களவுக் காத்தெண்டால் ஐடிலிலை இந்த எண் கூடவா இருந்து, 2500 சுத்திலை குறையோணும். எங்கடை ரெண்டிலையும் ஒண்டுதான். முதலாவது ஆள் விடுதலை. காலமை இஞ்சின் ஆறிக் கிடக்கேக்கை ஸ்ராட் பண்ணி, அங்கிள் குனிஞ்சு நிண்டு காது குடுத்தார். குழாய் வெடிச்சிருந்தா டிக் டிக் எண்டு கேக்கும், பொருத்திலை கரி படிஞ்சிருக்கும். ரெண்டும் இல்லை.

கடைசிச் சோதனைதான் எனக்குப் பிடிச்சது. இஞ்சினை நல்லாச் சூடாக்கிப்போட்டு அக்சிலேற்றரைச் சடாரெண்டு மிதிச்சு விடோணும். மிதிக்கேக்கை 0.8க்கு மேலை பாயோணும், விடேக்கை விழோணும். மிதிச்சன். 0.12. விட்டன். 0.11. நாலுதரம் மிதிச்சும் அதே கோடு. வயர் அறுந்திருக்கலாம் எண்டு அங்கிள் மீற்றரைச் சென்சர் வயரிலையே பிடிச்சுப் பாத்தார். அங்கையும் அதே கதை.

ஆக, "பசிக்குது பசிக்குது" எண்டு சென்சர் சொல்ல, கொம்பியூட்டர் பாவம் எண்டு ஊத்திக்கொண்டே இருந்திருக்கு. நான் அம்மாவுக்குப் போனிலை "சாப்பிட்டனம்மா" எண்டு சொல்லுறதுக்கு நேர்மாறான பொய் ;-)

முந்தியெண்டால் இந்த லைற்றோடை ஓடவும் ஏலாதாம். ஒன்ராறியோவிலை 1999 இலை இருந்து "டிரைவ் கிளீன்" எண்ட புகைச் சோதனை இருந்தது, அதிலை தேறாட்டி ஸ்ரிக்கர் புதுப்பிக்கிறது கஷ்டம். 2019 ஏப்ரிலோடை கார்களுக்கு அதை நிப்பாட்டிப் போட்டாங்கள். அதனாலை லைற்றுக்கு மேலை கறுப்பு ரேப் ஒட்டிப்போட்டு ஓடுற ஆக்கள் இருக்கினம். எனக்கும் அந்த யோசினை வந்தது, பொய் சொல்லேல்லை. ஆனால் எரியாத பெற்றோல் போய் நல்லா இருக்கிற கற்றலிற்றிக்கையும் உண்மையிலேயே சாகடிக்கும். பிறகு கராஜ்காரர் சொன்னது பலிச்சிடும்.

சென்சர் 85 டொலர். சிவிக்கிலை அது ரேடியேட்டருக்குப் பின்னாலை முன்பக்கமா இருக்கிறது புண்ணியம். கழட்டத்தான் சீவன் போனது. 25 வருசத்துத் துரு. துரு இளக்கிற எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டு, அடுத்த நாள் கொஞ்சம் சூடாக்கி, 22 மில்லிமீற்றர் சாவியிலை இரும்புக் குழாயைக் கொழுவி ரெண்டு பேரும் தொங்கினம். "கிறீச்" எண்டு ஒரு சத்தம். திரெட் போட்டுதாக்கும் எண்டு நான் கண்ணை மூடிட்டன். போகேல்லை.

புதுசைப் பூட்டிக் கோட்டை அழிச்சிட்டுப் பத்து நிமிசம் ஓட விட்டுப் பாத்தா, 0.1, 0.8, 0.2, 0.7... ஊஞ்சல்! 22 வீதம் ரெண்டு நாளிலை 3 வீதத்துக்கு வந்திட்டுது. அங்கிள் காசு வாங்க மாட்டன் எண்டிட்டார், ரெண்டு சனிக்கிழமை மரக்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

பழைய சென்சரை எறிய விடேல்லை. அவற்றை ஆணிப் பேணிக்குள்ளை கிடக்கு. கற்றலிற்றிக் இன்னும் மாத்தேல்லை, அதுக்கான கோட் பி 0420 இண்டைவரைக்கும் வரேல்லை. வந்தாப் பாப்பம். இப்ப வேலைக்கு நேரமாகுது.