யான் செருகிய கேபிள்

வழி ஒன்றிருப்பதினும் இரண்டிருத்தல் நலமென்று எண்ணுதல் மக்கள் இயல்பு. கல்லூரியில் மாணவனாயிருந்த காலத்து யானும் அவ்வாறே எண்ணினேன்.

கணினிக்கூடத்து ஸ்விட்சுகள் இரண்டை ஒரே கேபிள் இணைத்திருந்தது. அஃது அறுந்தால் என்னாவது என்றஞ்சி, ஒருவரிடமும் உரையாது மற்றொரு கேபிளைச் செருகினேன். சில நொடிகளில் விளக்குகளெல்லாம் வெறிகொண்டாற்போல் மின்னின. அலுவலகக் கணினிகளும் செயலற்றன. அன்று தேர்வுக் கட்டணம் செலுத்த இறுதி நாள். வரிசையில் நின்ற மாணவர் முகம் வாடிற்று. காலையில் அவ்வறையைப் பெருக்கிய முதிய ஊழியர்மீது ஐயம் எழுந்தது. அவர் தலைகுனிந்து நின்றார். எனக்கோ நா எழவில்லை. ஒரு நாழிகை கழிந்த பின்னரே, “பிழை என்னுடையது” என்றேன்.

நிற்க. நேர்ந்தது யாதெனில், ஈதர்நெட் செய்திக்கு வாழ்நாள் வரம்பு இல்லை. எல்லோர்க்குமென விடுக்கப்பெறும் செய்தி வளையத்துட் புகின், ஓயாது சுழன்று பெருகி, வழியனைத்தையும் அடைத்துவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். அவர் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, 1990-இல் 802.1டி என்னும் நியமமாயிற்று. இம்முறையில் ஒவ்வொரு ஸ்விட்சும் முதலில், “யானே வேர்” என்று ஓலை விடுக்கும். எண் சிறியது எதுவோ அதுவே வேராகும். ஏனையவை வேரையடையும் சிக்கனமான வழியைத் திறந்து, மிகையான வழியை அடக்கி வைக்கும். வளையம் மரமாகிவிடும்.

எங்கள் ஸ்விட்சுகளில் இம்முறை நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் ஆசிரியர் என்னை அருகிருத்தி அதனை இயக்கினார். யாவற்றிற்கும் இயல்பாயமைந்த முதன்மை எண் 32768. அவ்வாறே விடின் முகவரி சிறிதாயுள்ள ஏதேனுமொரு பழைய ஸ்விட்ச் வேராகிவிடக்கூடும். ஆதலின் நடுவிலிருந்த வலிய ஸ்விட்சுக்கு 4096 என்றும், அதன் துணைக்கு 8192 என்றும் அமைத்தோம்.

பின்னர், “உன் கேபிளை மீண்டும் செருகு” என்றார். கைந்நடுங்கச் செருகினேன். தீங்கொன்றும் நேரவில்லை. முதற் கேபிளைக் கழற்றச் சொன்னார். அடங்கியிருந்த வாயில் 15 விநாடி செவிசாய்த்து, மேலும் 15 விநாடி அயலாரை அறிந்து, அதன் பின்னரே திறந்தது. 2001-இல் வந்த விரைவு முறையில் இக்காத்திருப்பு பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் அம்முப்பது விநாடி எனக்குப் பெரும்பாடமாயிற்று. என் கேபிளில் குற்றமில்லை. கேளாதும் சொல்லாதும் புகுந்ததே குற்றம்.

அன்று மாலை முதியவரிடம் சென்று மன்னிப்பு வேண்டினேன். அவர் நகைத்து, “அதனாலென்ன, தம்பி! இனி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருகுங்கள்” என்றார். ஸ்விட்சுகள் செய்வதும் அதுவேயன்றோ!