அப்பப்ப வரும்

வண்டி நின்றுபோயிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். என் ஜிப்ஸி நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் மூச்சு அறுபட்டதுபோல் இடறும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். பிறகு எதுவுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறைப் பேச்சில் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர். எப்ப வருது டீச்சர் என்று மெக்கானிக் கேட்டார். “அப்பப்ப வரும்ணே” என்றேன். அந்தச் சொல்லோடு என் சாட்சியம் முடிந்துபோனது.

1998 மாடல், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களுக்குப் போய்வர அப்பா வாங்கியது. அவர் இறந்தபின் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். வீட்டைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசிய கூடத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. (தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு என்று 1989இலேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. அது வேறு கட்டுரை.) வண்டியை எனக்குக் கொடுங்கள் என்றபோதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டிச் சின்னப்பாலத்துக்கு மாதம் இரண்டு முறையாவது போவேன். கடல்பாசி எடுக்கும் பெண்களின் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து கொண்டிருந்தேன். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி மூழ்குகிறவர்கள். வேலை முடிந்து ஊருக்குள் வரும்போது இரண்டு மூன்று பேர் என் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். அந்த மணலில்தான் இடறல் முதலில் வந்தது. அடுத்த முறை பாலத்தின் ஏற்றத்தில் வந்தது. 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடலுக்கு மேல், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, எஞ்சின் அறுபட்டு ஒட்டும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்பதை மெக்கானிக்கிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மற்ற நேரம் வார்த்தைதான் என் தொழில்.

மெக்கானிக் கெட்டவர் இல்லை. பானெட்டைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காது கொடுத்துக் கேட்டார். “சுத்தமா இருக்கே டீச்சர். க்ளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவீங்க போல.” முதல் முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இரண்டாம் முறை டேங்கில் துரு இருக்கும் என்று பெட்ரோலை இறக்கி, ஃபில்டர் மாற்றினார். மூன்றாம் முறை பிளக். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக ஓடியது. அந்தப் பத்து நாளும் நான் கல்லூரிக்கும் வீட்டுக்கும் மட்டுமே போயிருந்தேன் என்பதை நானும் யோசிக்கவில்லை. “பொம்பள ஓட்டுனா அப்படித்தான்” என்று அண்ணன் போனில் சொன்னபோது, ஒரு நொடி, நானே நம்பினேன்.

‘அப்பப்ப’ என்ற சொல்லை நான் அம்மாவிடமிருந்து கற்றேன். “அப்பப்பக் கிறுகிறுன்னு வருது” என்பார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அந்தக் காகிதத்தில் பதிவாவது ஏறக்குறைய பத்து நொடி இதயம்தான். அம்மாவுக்கு வருவதோ வாரத்துக்கு ஒரு தடவை, துணி அடித்துத் துவைக்கும்போது. நார்மல் என்றார்கள். வயசு, கவலை, வீட்டு வேலையில் சலிப்பு என்றும் சொன்னார்கள். இப்படியே நான்கு ஆண்டுகள். துவைக்கும் கல்லிலேயே விழுந்து மண்டை உடைந்த பிறகுதான் இருபத்துநாலு மணிநேரமும் உடம்பில் மாட்டியிருக்கும் கருவியை வைத்தார்கள். இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடியது அதில் இருந்தது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் “சும்மா சொல்லாதம்மா” என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். சுவடிகளில் பாடபேதம் பார்க்கப் பழகியவளுக்கு இது புது வேலையில்லை. ஒரு சொல் எங்கே பிழைக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கும்போது பிழைக்கிறது என்று பார்ப்பதுதானே. தேதி, இடம், கியர், எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், மழை, விளக்கு. இரண்டு மாதத்தில் இருபத்துமூன்று பதிவுகள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான்காம் கியரில் சீராகப் போகும்போது ஒரு தடவைகூட வரவில்லை. மணலில் இரண்டாம் கியரில் இழுக்கும்போதும், பாலத்தின் ஏற்றத்தில் மூன்றில் அழுத்தும்போதும்தான் வந்தது. இன்னொன்றையும் எழுதியிருந்தேன்: ‘சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல்.’ பெட்ரோல் போதாமல் வந்தால் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும். இது வெடுக்கென்று போய் வெடுக்கென்று வருகிறது. அப்படியானால் கரண்ட்.

நியூட்ரலில் முறுக்கும்போது எஞ்சின் நிமிர்ந்தே இருக்கிறது. கியரில் பாரம் இழுக்கும்போதோ ரப்பர் மவுன்டிங்கின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பட்டறையில் அது ஒருநாளும் சாயவில்லை. சாய்ந்தால் எது எதன்மேல் படுகிறது?

சின்னப்பாலத்தில் பனையடியில் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைத்தோம். என் ஆய்வு மாணவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, க்ளட்ச்சை மெல்ல விட்டுப் பிடிக்கச் சொன்னேன். வண்டிக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்தேன். எஞ்சின் ஒரு மாடு தோளைக் கொடுப்பதுபோலச் சாய்ந்தது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர் இழுபட்டு ஒரு தகட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. எஞ்சின் அறுபட்டது. நிமிர்ந்ததும் ஒயர் விலகியது, எஞ்சின் ஓடியது. அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். உப்புக்காற்றிலும் சூட்டிலும் ஒயரின் மேலுறை மொறமொறவென்று வெடித்திருந்தது. ஓரிடத்தில் நகக்கண் அளவு செம்பு தெரிந்தது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டேப் சுற்றி, விளிம்பில் படாதபடி ஒதுக்கிக் கட்டினேன். டேப்பின் விலை பத்து ரூபாய். மூன்று முறை பட்டறைக்குக் கொடுத்ததைச் சொல்ல மாட்டேன்.

கார் என்ற ஒன்றை முதன்முதலில் நெடுந்தூரம் ஓட்டியவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பற்றவைப்பு ஒயரைத் தன் காலுறைப் பட்டியால் சுற்றினார். அந்தக் கார் உருவாக அவருடைய சீதனப் பணமும் போயிருந்தது. காப்புரிமை மட்டும் கணவர் பெயரில். இதை அன்று மாலை மாணவியிடம் சொன்னேன். “அதே ஒயரா மேடம்?” என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதே ஒயர்தான்.

மறுவாரம் புது ஒயர் போட மெக்கானிக்கிடம் போனேன். பார்த்தார். “ஓ, இதானா” என்றார். பக்கத்தில் நின்றவரிடம், “இந்த மாடல்ல இது வரும்” என்றார். வரும் என்று தெரிந்திருந்தால் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை சின்னப்பாலத்தில் நான்கு பேர் ஏறினார்கள். மணலில் இரண்டாம் கியரில் இழுத்தது, அறுபடவில்லை. “சரியாப் போச்சா டீச்சரம்மா?” என்றார் பின்சீட்டில் இருந்த மூத்தவர். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நோட்டைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். எழுத்துத் தெரியாதவர்.

“எனக்கும் இப்பிடித்தான் தாயி. முங்கி எந்திரிக்கயில அப்பப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு தட்டுது. ஆஸ்பத்திரில ஒண்ணுமில்லங்கிறாக.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். புதுப் பக்கம் எடுத்தேன்.

“கடைசியா எப்பம்மா வந்துச்சு?”

“செவ்வாக்கெழம. ரெண்டாவது தடவ முங்கினப்ப.”