நூறு சதவீதமும் ஒரு பையனும்

1996 மார்ச் மாதம். ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அன்றைய தென் பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில், ராஞ்சிக்கு அருகே ஒரு கிறிஸ்தவப் பள்ளி. நான் அங்கே கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு போர்டு தேர்வில் தேற மாட்டார்கள் என்று தோன்றும் மாணவர்களின் பெயர்களை வகுப்பாசிரியர்கள் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். தேற மாட்டான் என்று எனக்குத் தோன்றியது ஒருவன்தான். ஒராவோன் பழங்குடிப் பையன். அப்பா சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்.

இரண்டு வாரம் கழித்து அந்த அப்பா டி.சி. வாங்க வந்தார். கைநாட்டு வைத்தார். மகன் ஏன் அனுப்பப்படுகிறான் என்று அவருக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. போகும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர்ஜி" என்றார். கோபப்பட்டிருந்தால் நான் சீக்கிரம் மறந்திருப்பேன்.

மறு வருடம் எங்கள் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றது. லட்டு வழங்கினோம். நன்றி செலுத்தும் ஆராதனை நடந்தது. வேத பாடம் வாசிக்கும் முறை என்னுடையது. நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போக, மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகும் உவமை. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்த பகுதி. அன்று பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. நாங்கள் செய்திருந்தது இதற்கு நேர் தலைகீழ். எண்ணிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைக் காட்டில் விட்டுவிட்டோம். பிறகு 'எல்லா ஆடுகளும் பத்திரம்' என்று கடவுளுக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் மோசமான டீச்சர் இல்லை. ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. டியூஷன் எடுத்துச் சம்பாதித்ததில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். தினமும் ஜெபத்தோடுதான் வகுப்பைத் தொடங்குவேன். ஆனால் ஜெபம் முடிந்து சாக்பீஸைக் கையில் எடுத்ததும், அந்த ஊரில் இருந்த வேறெந்தப் பள்ளியின் ஆசிரியைக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. ரேங்க், ரிசல்ட், அட்மிஷன் கூட்டம் என்று அவர்கள் எதைக் கும்பிட்டார்களோ அதையேதான் நானும் கும்பிட்டேன். என் விசுவாசம் ஒரு அறையில் இருந்தது. என் தொழில் இன்னொரு அறையில். நடுவில் கதவு இல்லை.

பி.எட். படித்தபோது கல்வித் தத்துவம் என்று ஒரு தாள் இருந்தது. ரூசோ, ஃப்ரோபெல், டூவி, காந்தி, தாகூர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு, மனப்பாடம், தேர்வு, முடிந்தது. தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது, மரத்தடியில் குழந்தை ஏன் உட்கார வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்த காந்திக்கு, குழந்தையின் கையில் ஏன் தக்ளி இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நாடெங்கும் இத்தனை பள்ளிகள் நடத்தும் கிறிஸ்தவர்களான நாங்கள், ஒரு குழந்தை எங்கள் வகுப்பில் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டோமா? என்னை யாரும் கேட்டதில்லை. நேர்முகத் தேர்வில் எந்தச் சபை, ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. என் பாட்டி திருநெல்வேலிப் பக்கம் ஒரு பனையேறியின் மகள். மிஷன் பள்ளியில்தான் எழுத்துக் கற்றாள். அவளுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எழுத்து தெரியாது. 'இந்தப் பெண் தேறுவாளா' என்று பார்த்து அவளைச் சேர்க்கவில்லை. 1870-ல் லக்னோவின் அமீனாபாத் கடைத்தெருவில் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு பள்ளி தொடங்கிய இஸபெல்லா தோபர்னும் தேர்ச்சி சதவீதம் பார்த்திருக்க முடியாது. ராஞ்சிக்கு 1845-ல் ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனரிகள் வந்தார்கள். பின்னால் ஏசு சபையினரும் வந்தார்கள். அவர்கள் பள்ளிகளுக்கு அழைத்தது, வேறு யாரும் அழைக்காத குழந்தைகளை. மதம் பரப்பும் நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. ஒவ்வொரு மனிதனும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், ஆகவே கற்கத் தகுதியற்றவன் என்று ஒருவனும் இல்லை என்பதுதான் அது. கட்டிடங்கள் எங்களுக்கு மிஞ்சின. நம்பிக்கை எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

கொமேனியஸை அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் படித்தேன். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மொராவியாவில் பிறந்தவர், சபையின் பிஷப், போரில் நாட்டை இழந்து அகதியாக அலைந்தவர். 1658-ல் குழந்தைகளுக்காகப் படங்களோடு ஒரு பாடநூல் வெளியிட்டவர். ஆண், பெண், ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் கற்றுத்தர வேண்டும் என்று வாதாடிய அவர், மந்த புத்திக்காரர்களையும் விலக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் உதவி அதிகம் தேவை என்பது அவர் கட்சி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய அந்த வாதம் என் சிவப்பு மையைப் பார்த்துச் சொன்னது போலிருந்தது.

அந்தப் பையன் உண்மையிலேயே மந்தமா? இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவன் வீட்டில் பேசியது குருக் மொழி. நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 'நீ' என்பதற்கு அவர்கள் 'நீன்' என்கிறார்கள். பல்லுக்குப் பல்தான். வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. ஆனால் பள்ளி வளாகத்தில் அதைப் பேசினால் அபராதம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் இந்தி, கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலம். அவன் தடுமாறியது கணக்கிலா, கணக்கு எழுதப்பட்டிருந்த மொழியிலா என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. அவனுடைய ஊரார் ஜெபம் செய்வதும் அந்த மொழியில்தான். கடவுளுக்குப் புரியும் மொழி எங்கள் வளாகத்தில் குற்றமாக இருந்தது.

விசுவாசத்தின் அடிப்படையில் ஒரு கல்வித் தத்துவம் வேண்டும் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். பாடப் புத்தகத்தில் வேத வசனம் செருகுவதல்ல. இயற்கணிதத்துக்குக் கிறிஸ்தவச் சாயம் பூசுவதும் அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவன் யார்? மதிப்பெண் எதை அளக்கிறது, எதை அளக்காது? தோற்றவனுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? இந்த மூன்று கேள்விகளுக்கும் என் விசுவாசம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அட்மிஷன் பட்டியலிலும் அபராத நோட்டிலும் டி.சி. புத்தகத்திலும் தெரிய வேண்டும்.

"இதெல்லாம் மதமாற்றத்துக்கு இன்னொரு பெயர்தானே?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். அவர் இந்து. நியாயமான சந்தேகம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவனின் சம்மதமின்றி, சிறுவனாக இருந்தால் பெற்றோரின் சம்மதமின்றி, மத போதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. அது சரியான வேலி. நான் சொல்லும் தத்துவம் கட்டுப்படுத்துவது மாணவனை அல்ல, ஆசிரியரை. மாணவன் என்ன நம்புகிறான் என்று அது கேட்காது. நான் நம்புவதாகச் சொல்வதை உண்மையாகவே நம்புகிறேனா என்று என்னைத்தான் கேட்கும். அந்தச் சக ஆசிரியை எந்தத் தத்துவமும் பேசாமல் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளுக்குத் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பார். விசுவாசம் இருந்தால்தான் நல்ல ஆசிரியராக முடியும் என்று நான் சொல்லத் துணியவில்லை. வாசலில் சிலுவையை மாட்டியிருப்பவர்கள் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்றது. ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பியது. முடிவு எப்படி இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: 30-வது பிரிவு நம் பள்ளிகளை நாமே நடத்தும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. கேட்க வெளியிலிருந்து ஆள் வராத இடத்தில் உள்ளிருந்து கேட்க ஒன்று வேண்டாமா?

மறு ஆண்டு நான் பெயர் எழுதிக் கொடுக்க மறுத்தேன். மாலையில் ஒரு மணி நேரம் பின்தங்கியவர்களை உட்கார வைத்துக்கொண்டேன். குருக் தெரிந்த பெரிய பையன் ஒருவன் எனக்கு மொழிபெயர்த்தான். சிலர் தேறினார்கள். இரண்டு பேர் தேறவில்லை. பள்ளியின் நூறு சதவீதம் போயிற்று. நிர்வாகத்துக்கு என் மேல் வருத்தம். சக ஆசிரியர்கள் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தோற்ற இரண்டு பேரில் ஒருவன் அடுத்த முயற்சியிலும் தோற்றான். தத்துவம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த முதல் பையனைத் தேடி அவன் கிராமத்துக்குப் போனேன். வங்காளப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. உவமையில் மேய்ப்பன் ஆட்டைக் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறான். நான் கண்டுபிடிக்கவில்லை.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேர்வு முடிவு வரும் நாட்களில் பள்ளிகளின் வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுகிறார்கள். அந்தப் பேனருக்கு மேலே சிலுவையும் இருந்தால் நான் சற்று நேரம் நின்றுவிடுகிறேன். உள்ளே போய் ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?