ஒருவர் சொல்லும் ‘நாம்’

எழுதுபவர் ஒருவரே ஆயினும் ‘நாம்’ என்று எழுதுவது பழைய பத்திரிகை வழக்கு. அதனைக் காணும் வாசகர் எவரும் நம் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வதில்லை. அரசர்க்கும் இவ்வழக்கு உண்டு. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டிலே முதலாம் இராசராசன் தன்னை ‘நாம்’ என்றே குறிப்பிடுகின்றான். ஆனால் தான் கொடுத்தவற்றோடு தமக்கை கொடுத்தவை, மனைவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை யாவற்றையும் தனித்தனியே சொல்லிக் கல்லிலே வெட்டுவிக்கின்றான். அப்பெருமன்னனின் ‘நாம்’ பிறருடைய பங்கை விழுங்கிவிடவில்லை.

தொழில் தேடும் தனி மனிதர் ஒருவர் இதே சொல்லைக் கையாளும்போது நிலைமை அத்துணை எளிதன்று. இதனை நாம் அண்மையில் மறிச்சுக்கட்டியில் கண்டோம். முன்னர் நம்மிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் அங்கே வாழ்கின்றார். 1990இல் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பெற்றோர் புத்தளம் சென்றனர்; அங்கே பிறந்தவர் இவர். 2009இல் போர் முடிந்த பின்னர் குடும்பம் ஊர் திரும்பியது. வீட்டின் முன்னறையில் ஒரு கணினி, ஒரு நாற்காலி. இவ்வளவே அவருடைய தொழிற்கூடம். வெளிநாட்டு வணிகர்களுக்கு விளம்பரத் தாள்களும் பொருட்பட்டியல்களும் வடிவமைத்து மின்னஞ்சலில் அனுப்புகின்றார்.

அவருடைய இணையத்தளம் ஆங்கிலத்தில் இருந்தது. எமது குழு உங்கள் தேவையை ஆராயும், எமது வடிவமைப்புப் பிரிவு மாதிரிகளை வழங்கும், எமது வாடிக்கையாளர் பிரிவு மறுமொழி தரும் என்றெல்லாம் கண்டிருந்தது. பிரிவுகள் அனைத்தும் அந்த ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தன!

“சேர், அவுஸ்திரேலிய வணிகர் ஒருவர் ஆறு மாத வேலை தரலாம் என்கிறார். அதற்கு முன் என் குழுவினரோடு திரையில் பேச வேண்டுமாம். மச்சானையும் ஒரு சிநேகிதனையும் பக்கத்தில் இருத்தினால் என்ன?” என்று கேட்டார். “ஆளும் ஒன்று, ஊரும் இது என்றால் யார் நம்புவார்? நம்பினாலும் பாதி விலைதான் கேட்பார்கள்” என்றும் சொன்னார். அந்த அச்சம் வீண் அச்சமன்று. வட்டாரத்தின் பெயரைப் பார்த்தே கூலியைக் குறைப்போர் உலகில் உண்டு. ஆகவே உடனே அறிவுரை கூற நமக்கு வாய் எழவில்லை. மாலையில் இருவருமாகக் கடற்கரைக்கு நடந்தோம்.

அந்தக் கரை ஒருகாலத்தில் தனித்தொழில் புரிவோரின் பெருஞ்சந்தையாக விளங்கியது. 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பின்போது இங்கே ஓலைக் கொட்டில்களாலான நகரமே எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வந்தனர். அவ்வாண்டு எடுத்த சிப்பி எட்டுக் கோடிக்கு மேல். அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. எடுத்ததில் மூன்றிலொரு பங்கு குளிகாரருக்கு, எஞ்சியது அரசுக்கு. மறு ஆண்டுக் குளிப்பின்போது லெனார்ட் வூல்ஃப் என்னும் இளம் அதிகாரி இங்கே பணிபுரிந்தார். பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் பெயர் பெற்றவர் இவரே. 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு அந்தச் செழிப்பு முடிந்தது.

சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலங்கூறி விற்றார்கள் என்பதே இங்கே நாம் கருதவேண்டியது. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்குவோர் அறியார். முன்பின் காணாத ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கும் தொலைதேச வணிகரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

திறவாத பண்டத்தின்மேல் நம்பிக்கை உண்டாக்குவதற்கு அக்கரையிலே இருவகையினர் இருந்தனர். ஒருவர் கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி, படகுகள் திரும்பும்வரை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அவர் இல்லாமற் குளிகாரர் நீரில் இறங்க மறுத்தமையால், பிரித்தானிய அரசே அவருக்கு ஊதியம் கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மார்க்கோ போலோவும் இத்தகையோரைக் குறிப்பிடுகின்றார். அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்துக் கூலியாம். மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டுமே செல்லுமாம். இரவில் தாமே அதனை அவிழ்த்துவிடுவார்களாம். நாளைக்கும் தம்மை அழைத்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு உண்டோ! அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்றுவிட நமக்கு மனமில்லை. ஆழத்தில் இறங்குகின்றவனுக்குத் துணிவு ஒரு பண்டமே. அதனை அவர் விற்றார். ஆயினும் அவருடைய சரக்கைச் சோதிக்க வழியில்லை. எனவேதான் அத்தனை கோலமும் வேண்டியிருந்தது.

மற்றவர் முத்துத் துளைப்பவர். மூன்று கால்களுள்ள மரக்கட்டை ஒன்று. அதன் மேற்பரப்பிலே முத்தைப் பொருத்தச் சிறு குழிகள். வில்லால் சுழற்றும் இரும்பு ஊசி. பக்கத்திலே நீர் நிறைந்த சிரட்டை. ஒரு கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கையிலேயே அக்கையின் சுண்டுவிரல் நீரைத் தொட்டு முத்தைக் குளிர வைக்கும். ஊசி சற்றே பிசகினால் வணிகரின் செல்வம் தூளாகிவிடும். அதனை அறிந்தும் வணிகர் முத்தை அவரிடம் கொடுத்தார். துளைப்பவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்கலாம்.

“அப்படியானால் திரையில் என் கையைக் காட்டச் சொல்கிறீர்களா, சேர்?” என்றார் இளைஞர், சிரித்தபடி.

“காட்டும், தம்பி. ஆனால் குளிகாரனையும் நினைத்துக்கொள்ளும்” என்றோம். நீருக்குள் இறங்குகின்றவன் ஒருவன்தான். மேலே படகிலே கயிற்றைப் பிடித்து நிற்பவன் வேறொருவன். ‘எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும் வணிகருக்குத் தலைகளின் எண்ணிக்கையில் அக்கறை இராது. ‘நீர் காய்ச்சலில் கிடந்தால் என் வேலை என்னாகும்?’ என்பதே அவர் கேட்க விரும்புவது. மச்சானை நாற்காலியில் இருத்துவதால் அதற்கு விடை கிடைக்குமா? அந்த மச்சானுக்கோ கணினியைத் திறக்கவும் தெரியாது!

மூன்று நாளின் பின் நடந்த உரையாடலை அவர் தொலைபேசியில் நமக்குச் சொன்னார். ‘நான் ஒருவனே’ என்று தொடங்கிவிட்டாராம். பாதி செய்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து, வணிகர் பார்த்திருக்கவே எழுத்துகளை இடம் மாற்றிக் காட்டியிருக்கிறார். நாம் நினைத்த கேள்வியே வந்தது. புத்தளத்தில் மாமியின் மகள் இதே தொழிலைக் கற்றவர். தமக்கு இயலாதபோது அவர் முடித்துக்கொடுப்பார் என்று, முதல் நாளே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, சொல்லியிருக்கிறார். ஆறு மாத வேலை கிடைக்கவில்லை. ஒரு மாத வேலை கிடைத்தது. கேட்ட விலையிற் சிறிது குறைத்தே கொடுத்தார்கள். மிகுதியைப் பின்னர் பார்க்கலாம் என்றாராம் வணிகர்.

இணையத்தளத்தின் ஆங்கிலப் பக்கத்திலே இப்போது பிரிவுகள் ஒன்றும் இல்லை. அவர் பெயரும், செய்த வேலைகளும், அவசரத்துக்கு உதவுபவர் ஒருவர் உண்டு என்ற குறிப்பும் மட்டுமே இருக்கின்றன. ஊர்க் கடைக்காரர்களுக்காக எழுதிய தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தோம். அங்கே ‘எங்கள் வேலை’, ‘எங்கள் விலை’ என்று பழையபடியே இருந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டோம்.

“தமிழில் ‘என் விலை’ என்று எழுதினால் வாப்பா சிரிப்பார், சேர். ‘எங்கள் உம்மா’ என்றுதானே சொல்கிறேன்? வீட்டில் நான் ஒரே பிள்ளை.”