போலி அட்டையும் திரும்பி வந்த பணமும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் நேர்காணலுக்குப் போவதென்றால் குறிப்புப் புத்தகமும் பேனாவுமே போதும். பிறகு ஒலிநாடா வந்தது. இப்போது கட்டைவிரல் அளவிலான ஒரு கருவியும் அதனுள் நகத்தளவிலான ஓர் அட்டையும் இருந்தால் நாட்கணக்காகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். அந்த அட்டை நல்ல அட்டையாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கடந்த ஆண்டு இணையச் சந்தையொன்றில் 128 ஜிபி கொள்ளளவுடைய மெமரி கார்ட் ஒன்றை வாங்கினேன். விலை 2,900 ரூபா. கொழும்புக் கடைகளில் சொல்லும் விலையில் ஏறத்தாழப் பாதி. பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னம், பளபளப்பான உறை, வாங்கியவர்கள் அள்ளி வழங்கிய ஐந்து நட்சத்திரங்கள். மலிவு என்னை மயக்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த அட்டையில் வேறு சில நேர்காணல்களுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவரைப் பதிவு செய்தேன். எண்பது வயதைக் கடந்தவர். நான்கு அமர்வுகள். மின்சாரம் இல்லாதிருந்த 1990களில், பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் பத்திரிகை அச்சான நாட்களைப் பற்றி மூன்றாம், நான்காம் அமர்வுகளில் விரிவாகச் சொன்னார். கடைசி அமர்வு முடிந்து பத்தாம் நாள் அவர் காலமானார்.

செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிய அன்றிரவு அவருடைய குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது. முதல் இரண்டு அமர்வுகள் ஒலித்தன. மூன்றாவது கோப்பில் ஓசையே இல்லை. நான்காவதிலும் இல்லை. கோப்புகளின் பெயர், தேதி, அளவு எல்லாம் ஒழுங்காக இருந்தன.

கணினித் துறையில் இருக்கும் என் பெறாமகன் அட்டையை வாங்கிப் பார்த்தான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு இலவச மென்பொருள் உண்டு. அட்டை முழுவதிலும் தரவை எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்து ஒப்பிடும். முதலில் இருந்தவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு அதை ஓடவிட்டான். உண்மையான 128 ஜிபி அட்டையைக் கணினி ஏறத்தாழ 119 ஜிபி என்று காட்டும். என்னுடையதும் அப்படித்தான் காட்டியது. ஆனால் எழுதியதைத் திருப்பித் தந்தது 8 ஜிபிக்கும் குறைவான பகுதி மட்டுமே. சிறிய அட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லில் பொய்க் கொள்ளளவைப் பதித்துவிடுகிறார்கள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் அட்டையின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் அது தப்பிவிடுகிறது. கொள்ளளவைத் தாண்டிய உள்ளடக்கம் காற்றோடு போய்விடுகிறது. அழுத்தப்படாத ஒலிப்பதிவு மணித்தியாலத்துக்கு 600 எம்பிக்கு மேல் பிடிக்கும். ஆகவே எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு மணித்தியாலம் மட்டுமே.

விற்பனையாளருக்கு எழுதினேன். அட்டையைத் திருப்பி அனுப்பினால் வேறொன்று தருவதாகச் சொன்னார். நான் மறுத்ததும், பாதிப் பணம் தருகிறேன், முறைப்பாட்டை விட்டுவிடுங்கள் என்றார். சந்தையை நடத்துபவர்களோ, பொருளைத் திருப்புவதற்கான பதினான்கு நாட்கள் கடந்துவிட்டன என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். வாங்கி அப்போது ஏழு வாரங்களாகியிருந்தன. போலி அட்டை நிரம்பும்வரை நல்லபிள்ளையாகவே நடக்கும் என்பதை அவர்களுக்கு விளக்க முடியவில்லை.

"உங்கட பத்தியில ஒருக்கா எழுதிவிடுங்கோவன், நாளைக்கே காசு வரும்" என்றார் அலுவலக நண்பர். ஆசை வராமலில்லை. ஆனால் பேனா கையில் இல்லாத ஒருவருக்குக் கிடைக்காத நீதியை நான் பேனாவைக் காட்டிப் பெற்றால் அது சலுகையே தவிர நீதியாகாது. சாதாரண வாடிக்கையாளனாகவே போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

"சித்தப்பா, நீங்கள் காசு கட்டினது கிரெடிட் கார்டிலயோ? அப்பிடியெண்டால் இன்னும் வழி இருக்கு" என்றான் பெறாமகன்.

வழி இருந்தது. போலிப் பொருள் என்பது வீசா போன்ற கொடுப்பனவு வலையமைப்புகளின் விதிகளில் தனியொரு பிணக்கு வகை. சந்தையின் பதினான்கு நாட்கள் அங்கே செல்லாது. வங்கிக்கு 120 நாள் வரை அவகாசமிருந்தது. ஆனால் "போலி" என்று நான் சொன்னால் மட்டும் போதாது. சின்னத்துக்கு உரிமையுடையவரோ, அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ, நடுநிலையான நிபுணரோ சொல்லவேண்டும். கொழும்பிலுள்ள அந்த நிறுவனத்தின் முகவர் அட்டையையும் உறையையும் பார்த்து, இது எங்களுடையதன்று எனக் கடிதம் தந்தார். அட்டையை விற்பனையாளருக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கடிதத்துக்கே இடமிருந்திராது. பரிசோதனை முடிவு, விளம்பரத்தின் படம், பற்றுச்சீட்டு, விற்பனையாளருடனான உரையாடல் அனைத்தையும் சேர்த்து வங்கியில் கொடுத்தேன்.

அதே வாரத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதினேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி வர்த்தகருக்குக் கட்டளையிட அதிகாரசபைக்கு அதே பிரிவு அதிகாரம் தருகிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிந்தவர்கள் பலர். மூன்று மாத எல்லையை அறிந்தவர்கள் சிலரே.

அதிகாரசபையின் விசாரணைக்கு முன்பாகவே, ஆறாவது வாரத்தில் வங்கி பணத்தைத் திருப்பி வைத்தது. 2,900 ரூபா. கணக்கு நேராகிவிட்டது.

அந்தப் பெரியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "ஐயான்ர குரல் உங்களிட்ட இருக்காம், ஒரு பிரதி அனுப்புவீங்களோ?" என்று கேட்டிருந்தார். முதல் இரண்டு அமர்வுகளை அனுப்பினேன். மற்ற இரண்டும் என்னவாயின என்பதையும் மறைக்காமல் எழுதினேன். இருந்ததை அனுப்பியதற்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது. அந்த ஒரு வரியை இன்றுவரை என்னால் அழிக்க முடியவில்லை.

நினைவிலிருந்தும் குறிப்புப் புத்தகத்திலிருந்தும் மூன்றாம், நான்காம் அமர்வுகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய சொற்கள் பாதிதான் வருகின்றன. இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புதிய அட்டை கைக்கு வந்ததும், அதில் எதையும் பதியுமுன் ஓர் இரவு முழுவதும் அதைப் பரிசோதனைக்கு விடுங்கள். பதிந்தவற்றை அன்றன்றே வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். பணத்தைத் திருப்பிப் பெறச் சட்டமும் வங்கியும் இருக்கின்றன. மற்றதற்கு அந்த ஓர் இரவுதான் இருக்கிறது.